காசியில் ஒரு தமிழ்த் துறவி

திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டிலிருந்து தொடங்கும் காட்டுவழி, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்திற்கு இட்டுச் செல்கிறது. பொதிகை என்று தமிழ் மரபு போற்றும் சிகரம் இது. காசியை விட்டுப் பிரிய மனமின்றி, உலக நன்மைக்காகவே தென்திசை வந்த அகத்திய முனிவர் இங்குத் தங்கினார் என்பது புராண வரலாறு. இம்மலையின் கீழைச் சரிவில் பெருகும் தாமிரபரணியின் கரையில் பிறந்த மகான் ஒருவர், முனிவர் வந்த வழியின் எதிர்த்திசையில் நடந்து காசியை அடைந்தார். அவரே ஸ்ரீகுமரகுருபர சுவாமிகள்.

பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார் அவர். ஐந்து வயது வரை பேச்சு வரவில்லை. வருந்திய பெற்றோர் திருச்செந்தூர் முருகனின் சந்நிதியில் குழந்தையுடன் தவம் கிடந்தனர். இறையருளால் வாய் திறந்த குழந்தை கந்தர் கலிவெண்பாவைப் பாடியது என்பர். பின்னர் மதுரையில் திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றினார்.

புலமைப் புகழ் அவருக்கு நிறைவளிக்கவில்லை. தருமபுரம் ஆதீனத்தின் மாசிலாமணி தேசிகரைச் சரணடைந்து துறவு வேண்டினார். காசி யாத்திரை சென்று வரும்படி குரு பணித்தார். அந்த நெடும்பயணத்தால் குருவைப் பிரிந்திருக்க நேருமே என்று சீடர் கலங்கினார். அவரது நிலையறிந்த குரு, சிதம்பரத்தில் சில காலம் தங்கி வந்தால் போதும் என்றருளினார். அங்கே சிதம்பர மும்மணிக்கோவை பிறந்தது. துறவும் வாய்த்தது.

எனினும் காசி அவரை அழைத்துக்கொண்டே இருந்தது. 2,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு கடந்து கங்கைக் கரையை அடைந்தார். பேச்சின்றிப் பிறந்த குழந்தையின் நிலை அங்கே மீண்டும் வந்தது போலாயிற்று. தமிழில் கடல் போன்ற புலமை கொண்டவருக்கு அவ்வூர் மொழி தெரியாது. மொகலாய ஆட்சியாளரிடம் மடம் அமைக்க இடம் கேட்க வேண்டியிருந்தது. அப்போது கலைமகளை வேண்டிச் சகலகலாவல்லி மாலை என்னும் பத்துப் பாடல்களைப் பாடி இந்துஸ்தானி மொழியில் வல்லமை பெற்றார் என்றும், சிங்கத்தின் மீது அமர்ந்து அரசவைக்குச் சென்றார் என்றும் மரபு கூறும். கேதார கட்டத்தருகே குமாரசாமி மடம் எழுந்தது. கேதாரேசுவரர் ஆலயத் திருப்பணியும் நிறைவேறியது.

அந்நகரம் அவர் உள்ளத்தில் பதிந்த விதத்தைக் காசிக் கலம்பகத்தில் காண்கிறோம். பல வகைப் பாக்களும் பல மாந்தரின் குரல்களும் கலந்து வருவது கலம்பகம். எத்தனையோ நாட்டவரும் மொழியினரும் கூடும் காசிக்கு அந்த வடிவம் வெகுவாகப் பொருந்துகிறது. பிறர் அஞ்சும் மரணம் அங்கே மங்கலமாகிறது. உயிர் பிரியும் வேளையில் விசுவநாதரே செவியில் தாரக மந்திரம் ஓதுகிறார் என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம்.

யாத்திரிகர் பலர் கங்கையில் நீராடி, தீர்த்தத்துடன் ஊர் திரும்புவர். குமரகுருபரரோ தமக்கு வேண்டிய முக்தியை நாடி வந்த இடத்தில், பின்னால் வருவோர்க்கு நிழலும் அமைத்தார். இடையில் தருமபுரம் வந்து குருவை வணங்கியவர், மீண்டும் காசிக்கே சென்றார் என்பர். அங்கேயே வைகாசித் தேய்பிறைத் திருதியையில் சிவனடி சேர்ந்தார்.

அவர் வழியில் ஆறாவதாக வந்த தில்லைநாயக சுவாமிகள் 1720ஆம் ஆண்டளவில் திருப்பனந்தாளில் காசி மடத்தை நிறுவினார். அன்று ஒரு சீடர் செல்லத் தயங்கிய காசி, இவ்வாறு காவிரிக் கரையோடும் உறவு கொண்டது. குருவின் சொல்லை மனம் ஏற்கத் தாமதமாகலாம். ஏற்ற பின் அது எத்தனையோ தலைமுறையினருக்குப் பயன் தரும் என்பதற்குக் குமரகுருபரரின் வாழ்வே சான்று.