இழப்புகளுக்கு நடுவிலும் நம்பிக்கையைக் கைவிடாத சிபில் கார்த்திகேசு

1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படையின் தற்காப்பு உடைந்தது. அலோர் ஸ்டார், குரூண், சுங்கை பட்டாணி எனக் கெடாவின் நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஜப்பானியர் வசமாயின. பின்னர் கெடா வழியாகச் செல்லும் ரயில்களில்தான் தோட்டத் தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. பிள்ளையையோ கணவனையோ பறிகொடுக்காத லயங்கள் குறைவு.

அந்தக் காலத்தை நினைக்கும் மலேசியத் தமிழர்கள், அண்டை மாநிலமான பேராவில் வாழ்ந்த ஒரு தாதியையும் நினைக்காமல் இருக்க முடியாது. அவர்தான் சிபில் கார்த்திகேசு.

சிபில் 1899 செப்டம்பர் 3ஆம் தேதி சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தார். தந்தை ஜோசப் டேலி ஐரிஷ் கலப்பு வம்சாவளியினர். தாயார் மருத்துவச்சி. தாயின் வழியில் சிபிலும் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். கண்டோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசினார். சிறு வயது முதலே கத்தோலிக்க நெறியில் ஊறியவர்.

முதல் பேரிழப்பு அவருக்குப் பதினைந்து வயதில் வந்தது. அண்ணன் மைக்கல் முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, 1915 ஜூலையில் துருக்கியின் கலிப்போலி போர்முனையில் உயிரிழந்தார்.

1919 ஜனவரி 7ஆம் தேதி கோலாலம்பூர் புக்கிட் நானாஸிலுள்ள செயின்ட் ஜோன் தேவாலயத்தில் சிபில், டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவை மணந்தார். மாப்பிள்ளை தைப்பிங்கைச் சேர்ந்த இலங்கைத் தமிழர்; இந்து. மத வேறுபாட்டால் முதலில் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் பெரியவர்களின் சம்மதத்தோடு திருமணம் நடந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் தேதி ஆண் குழந்தை பிறந்தது. பத்தொன்பது மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. போரில் இறந்த அண்ணனின் நினைவாக அதற்கு மைக்கல் என்று பெயரிட்டிருந்தார்கள். எத்தனையோ தாய்மார்களின் கையில் பிள்ளையை எடுத்துக் கொடுத்த குடும்பம் அது. அந்தக் குடும்பத்துப் பெண்ணின் தொட்டில் காலியானது.

சிபில் அந்தத் துக்கத்திலேயே முடங்கிவிடவில்லை. தாயார் வளர்த்து வந்த வில்லியம் பிள்ளை என்ற சிறுவனைத் தத்தெடுத்துக்கொண்டார். 1921இல் மகள் ஓல்கா பிறந்தார். 1936இல் இளைய மகள் டோன் பிறந்தார். ஈப்போ புருஸ்டர் சாலையில் தம்பதியர் நடத்திய கிளினிக்கில் ஏழைகளுக்கும் கதவு திறந்திருந்தது. இழந்த பிள்ளைக்குரிய அன்பைச் சிபில் ஊரார் பிள்ளைகளுக்குக் கொடுத்தார் என்றே சொல்லலாம்.

ஜப்பானியர் ஈப்போவை நெருங்கியதும் குடும்பம் அருகிலுள்ள பாப்பான் என்ற ஈயச் சுரங்கச் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே 74ஆம் எண் கடைவீடு மருந்தகமானது. முன்வாசல் வழியாக ஊர் மக்கள் வந்தார்கள். இரவில் பின்புறத் தோட்டம் வழியாக, ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போராடிய கெரில்லாக்கள் காயங்களோடு வந்தார்கள். வந்தவரின் இனமும் கொள்கையும் என்னவென்று பார்க்காமல் சிபில் சிகிச்சை அளித்தார். தடை செய்யப்பட்ட வானொலியை வீட்டில் மறைத்து வைத்து, பிபிசி செய்திகளைக் கேட்டு மற்றவர்களுக்கும் சொன்னார். அந்த வானொலிக்கு ஜோசபின் என்று செல்லப்பெயரும் இருந்தது.

1943இல் கெம்பெய்தாய் எனப்படும் ஜப்பானிய இராணுவப் போலீஸ் அவரைக் கைது செய்தது. கணவரும் வில்லியமும்கூட சிக்கினார்கள். சிபிலின் நகங்கள் பிடுங்கப்பட்டன. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் கால்கள் சுடப்பட்டன. முதுகெலும்பு பாதிக்கப்பட்டது. கெரில்லாக்களின் பெயர்களை அவர் சொல்லவில்லை.

கடைசியாகச் சிறுமி டோனை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டி மிரட்டினார்கள். ஒரு பிள்ளையை ஏற்கெனவே மண்ணில் புதைத்த தாயின் முன்னே இன்னொரு பிள்ளை. அதிகாரி ஒருவர் தலையிட்டதால் குழந்தை உயிர் பிழைத்தது. அப்போதும் சிபில் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, பத்து காஜா சிறையில் அடைக்கப்பட்டார். நடக்க முடியாத நிலையிலும் செபத்தை அவர் விடவில்லை. அவருடைய இறைநம்பிக்கை வலியை நீக்கவில்லை. போன மகனைத் திருப்பித் தரவும் இல்லை. ஆனால் துன்பப்படும்போது தாம் தனியாக இல்லை என்ற உறுதியை அது தந்தது. தன் உயிரைக் காக்க இன்னொருவர் உயிரை விலையாகக் கொடுக்கக் கூடாது என்ற துணிவும் அதிலிருந்துதான் வந்தது.

1945இல் போர் முடிந்து விடுதலையானதும் சிகிச்சைக்காக பிரிட்டனுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டார். அங்கே அவருக்கு வீரத்துக்கான ஜோர்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. சித்திரவதையின்போது தாடையில் விழுந்த பூட்ஸ் உதையின் காயம் பின்னாளில் இரத்தத்தில் நஞ்சேற வைத்து, 1948 ஜூன் 12ஆம் தேதி அவர் உயிரைப் பறித்தது. அப்போது அவருக்கு வயது 48. அவருடைய நினைவுக் குறிப்புகள் 1954இல் லண்டனில் நூலாக வெளிவந்தன.

முதலில் ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல் 1949 மார்ச்சில் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. எல்லா இனத்தவரும் திரளாக வந்து வழியனுப்பினார்கள். ஈப்போவில் இன்று ஒரு சாலைக்கு அவர் பெயர் உண்டு. பாப்பான் வீடு நினைவில்லமாக உள்ளது.

அவருடைய கல்லறை செயின்ட் மைக்கல் தேவாலயத்தின் அருகே இருக்கிறது. போரில் பறிகொடுத்த அண்ணனின் பெயரும், பத்தொன்பது மணி நேரம் மட்டுமே வாழ்ந்த மகனின் பெயரும் அதுதான்.