வங்கம் தந்த ஓவிய மேதை உபேந்திரகிஷோர் ராய்

நம் பெங்களூரின் கஸ்தூரிபா சாலை வழியே செல்வோர் வேங்கடப்பா கலைக்கூடத்தைக் கண்டிருப்பர். உதகை மலைக்காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டிப் புகழ்பெற்ற வேங்கடப்பா, மைசூர் மன்னரின் ஆதரவுடன் கல்கத்தா சென்று அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர். அவர் மாணவராக இருந்த நாளில் அந்நகரில் மற்றோர் ஓவியரும் வாழ்ந்தார். இயற்கைக் காட்சிகளைத் தீட்டுவதில் பெருவிருப்புடைய அவர், தூரிகையோடு நில்லாமல் அச்சுக்கலையிலும் புதியன கண்டு, மேலைநாட்டாரும் மதிக்கத் திகழ்ந்தார். அவரே உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி.

இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங் பகுதியைச் சேர்ந்த மசூவா என்னும் சிற்றூரில் 1863ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காமதாரஞ்சன். ஐந்து வயதளவில் உறவினரான ஜமீன்தார் ஒருவர் அவரைச் சுவீகாரம் செய்துகொண்டு, உபேந்திரகிஷோர் எனப் பெயர் சூட்டினார். மைமன்சிங்கில் பள்ளிக் கல்வியை முடித்துக் கல்கத்தா சென்ற அவர், 1884இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பட்டம் பெற்றோர் சர்க்கார் உத்தியோகத்தை நாடிய காலம் அது. அவரோ ஓவியத்தையும், வயலினையும், குழந்தைகளுக்காக எழுதுவதையுமே தம் வாழ்வாகக் கொண்டார். பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தமையால் உற்றாரின் அதிருப்திக்கு ஆளானபோதும் கொண்ட கொள்கையினின்று வழுவவில்லை.

வங்கச் சிறுவர்க்கென இராமாயணத்தை எளிய நடையில் எழுதி, அதற்குரிய படங்களையும் தம் கையாலேயே வரைந்தார். நூல் அச்சாகி வந்தது. எடுத்துப் பார்த்தவர் மனம் நொந்தார். அந்நாளில் படங்களை மரக்கட்டையில் செதுக்கியே அச்சிடுவர். செதுக்குவோர் கையில் அவருடைய கோடுகள் சிதைந்து உருக்குலைந்திருந்தன. பிறராயின் அச்சகத்தாரை நொந்துகொண்டு அமைந்திருப்பர். அவர் அவ்வாறு அமையவில்லை. 1895ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து காமிராவும் கருவிகளும் தம் பொருட்செலவில் வரவழைத்து, வீட்டிலேயே பிளாக் செய்யும் தொழிலைத் தொடங்கினார்.

இங்கு அத்தொழிலின் நுட்பத்தைச் சிறிது கூறுதல் வேண்டும். அச்சு இயந்திரம் காகிதத்தில் மையை இடும், அன்றேல் இடாது. இடைப்பட்ட சாம்பல் நிறத்தை அஃது அறியாது. ஆகையால் நெருங்கிய குறுக்குக் கோடுகள் கொண்ட கண்ணாடித் திரையின் வழியே படத்தைப் பிடித்து, அதனை நுண்ணிய புள்ளிகளாகப் பிரிப்பர். பெரும் புள்ளிகள் இருளாகவும், சிறு புள்ளிகள் ஒளியாகவும் கண்ணுக்குத் தோன்றும். இதுவே ஹாஃப்டோன் முறை. இம்மலரில் உள்ள படங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குவோர் அப்புள்ளிகளைக் காணலாம்.

திரைக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி சற்றே மாறினும் படம் கெடும். அவ்விடைவெளியைத் தொழிலாளர் பெரும்பாலும் அனுபவத்தால் குறித்து வந்தனர். ஆசிரியர் எவரும் இன்றி நூல்களைக் கொண்டே பயின்ற உபேந்திரகிஷோர், ஒளியின் இயல்பை ஆராய்ந்து கணித முறையால் அதனை வரையறுத்தார். திரையைச் சரியான இடத்தில் நிறுத்துவதற்கு ஒரு கருவியையும் அமைத்தார். கோடுகள் அறுபது பாகைக் கோணத்தில் வெட்டும் புதுவகைத் திரையைப் பற்றியும் எழுதினார். தாம் கண்டவற்றை மறைத்து வையாமல், 1897 முதல் இலண்டனின் பென்ரோஸ் ஆண்டு மலரில் கட்டுரைகளாக வெளியிட்டார். கடல் கடந்து செல்லாமலே கடல் கடந்த புகழ் பெற்றார்.

1913இல் சந்தேஷ் என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். இனிப்புப் பண்டத்துக்கும் செய்திக்கும் வங்க மொழியில் அஃதொன்றே பெயர். கதையும் படமும் எழுதி, பிளாக்கும் செய்து, தம் அச்சகத்திலேயே அச்சிட்டு வழங்கினார். ஆயின் நீரிழிவு நோய் அவரை வாட்டிற்று. இன்சுலின் கண்டறியப்பட்டதோ 1921இல்தான். 1915 டிசம்பர் 20ஆம் நாள், தம் 52ஆம் வயதில் அவர் மறைந்தார். மைந்தர் சுகுமார் ராய் நகைச்சுவைப் பாடல்களால் அழியாப் புகழ் பெற்றார். பெயரர் சத்யஜித் ராய், நின்றுபோயிருந்த சந்தேஷை 1961இல் மீண்டும் நடத்தினார். பாட்டனாரின் கதையொன்றை 1969இல் திரைப்படமாகவும் அளித்தார்.

அன்பர்களே! குழந்தைக்குத்தானே, தாய்மொழி நூல்தானே, எப்படியிருந்தால் என்ன என்று அப்பெரியார் எண்ணவில்லை. குழந்தையின் கையில் சேரும் தாய்மொழி நூல் உலகின் சிறந்த நூலுக்கு ஈடாக இருத்தல் வேண்டும் என்று கருதியே விஞ்ஞானியுமானார். நம் காலனிச் சிறார் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் அழகிய நூல்களில் பயில்கின்றனர். அது நன்றே. ஆயின் அவர்கள் கையில் நாம் கொடுக்கும் தமிழ் நூல் எத்தகையது? மங்கிய அச்சும் கிழிந்த அட்டையும் உடைய நூலைத் தந்து, பிள்ளைகள் தமிழை விரும்பவில்லை என வருந்துதல் முறையாகுமா? மாதம் ஒரு நல்ல தமிழ் நூலேனும் ஒவ்வோர் இல்லத்திலும் நுழையுமாயின், அதுவே நாம் அம்மேதைக்குச் செலுத்தும் வணக்கமாகும்.