வன்னிக்கு வந்த நடைவழி முனிவர்

ஆதிக் கிறிஸ்தவ சபையிலே தீர்க்கதரிசிகள் என்று ஒரு கூட்டத்தார் இருந்தனர். இவர்கள் ஓரிடத்தில் நிலையாகக் குடியிருந்தவரல்லர். ஊரூராகக் கால்நடையாய்ச் சென்று, விசுவாசிகளைத் தேற்றி, வரவிருக்கும் துன்பத்தை முன்னறிவித்து, அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுவர். எருசலேமிலிருந்து அந்தியோக்கியாவுக்கு வந்து பஞ்சத்தை முன்னுரைத்த அகபு என்பவரை அப்போஸ்தலர் பணி நூல் நமக்கு அறிமுகப்படுத்துகின்றது. பன்னிரு அப்போஸ்தலரின் போதனை எனப் பெயர் பெற்ற பழைய சிறுநூல், இத்தகையோரை இனங்காண எளிய அளவுகோல் ஒன்றைத் தருகின்றது. ஊருக்கு வருபவர் ஓரிரு நாளுக்கு மேல் தங்குவாராயின், அன்றி விடைபெறும்போது உணவைத் தவிரப் பணமும் கேட்பாராயின், அவர் பொய்யர் என்று அறிக என்பது அதன் கருத்து.

இந்த அளவுகோலை நம் நாட்டு வரலாற்றின் மேல் வைத்துப் பார்ப்போமாயின், அதற்குப் பழுதறப் பொருந்தி நிற்பவர் ஒருவர் உளர். அவரே யோசேவ் வாஸ் முனிவர். ஆதிச் சபைக்கும் அவருக்கும் இடையே பதினாறு நூற்றாண்டுகள் கிடக்கின்றன. ஆயினும் கோலத்தாலும் வாழ்வாலும் அவர் அந்தப் பழைய நடைவழித் தீர்க்கதரிசிகளின் மரபினரே.

முனிவர் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனௌலிம் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தை கிறிஸ்தோவாவ் வாஸ். தாய் மரியா த மிரந்தா. கொங்கணி பேசும் பிராமண வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம் அது. 1676இல் அவர் குருவானவராக அபிஷேகம் பெற்றார். அக்காலத்தில் ஐரோப்பியத் துறவற சபைகள் சுதேசிகளைத் தம்முள் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. சுதேசக் குருமார் சிலர் ஒன்றுகூடிப் புனித பிலிப்பு நேரியின் ஒழுங்கைத் தழுவி அமைத்த ஓரட்டோரியன் சபையில் யோசேவ் வாஸ் சேர்ந்தார். விரைவில் அதன் தலைவருமானார். அதற்கு முன்னரே கன்னட நாட்டுக் கரையோரத்தில் அவர் சில ஆண்டுகள் பணி புரிந்திருந்தார். இலங்கைக் கத்தோலிக்கரின் நிலையைப் பற்றிய செய்தி அவர் உள்ளத்தை அப்போதே வருத்திக்கொண்டிருந்தது.

அந்நிலைதான் யாது? 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தன. போர்த்துக்கேயரை வென்ற அவர்கள், போர்த்துக்கேயரின் சமயத்தையும் பகையாகவே கருதினர். கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டனர். குரு ஒருவருக்கு மறைவிடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என விளம்பரம் பிறந்தது. கோவில்கள் சீர்திருத்தச் சபையின் ஆலயங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. ஞானஸ்நானமும் விவாகமும் அச்சபையின் தோம்பிலே பதியப்பட வேண்டும். பதியாதவருக்கு முதுசச் சொத்தும் கேள்விக்குரியதாயிற்று. ஒரு தலைமுறைக் காலம் குருவானவரின் முகத்தையே காணாமல், தாய்மார் சொல்லிக்கொடுத்த செபங்களை மட்டும் பற்றுக்கோடாகக் கொண்டு மக்கள் வாழ்ந்தனர்.

இத்தகைய நெருக்கடியில் தப்பி ஓடியவருக்கு அடைக்கலம் தந்தது வன்னிப் பெருநிலமே. வடக்கே ஒல்லாந்தர் கோட்டை, தெற்கே கண்டி மன்னரின் மலைநாடு. இடையே வன்னியர் தலைவர்களின் காடும் குளமும் வயலும் கிடந்தன. மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் சில 1670ஆம் ஆண்டளவில் தம் கோவிலிலிருந்த மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைந்து, இறுதியில் மருதமடு என்னும் காட்டிடத்தை அடைந்தன என்பது மரபு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தவர்களும் அங்கே அவர்களோடு கூடினர் என்பர். இன்று நாம் மடுத்திருப்பதி என்று வழங்குவது, அடிப்படையில் ஓர் அகதிகள் குடியிருப்பிலே எழுந்த கோவில் என்பதை மறந்துவிடலாகாது.

மேய்ப்பரற்ற இம்மக்களைத் தேடி யோசேவ் வாஸ் 1686இல் கோவாவை விட்டுப் புறப்பட்டார். யோவான் என்னும் பணியாளும் உடன் வந்தார். மேற்குக் கரை வழியே நெடுந்தூரம் நடந்து தூத்துக்குடியை அடைந்தனர். அங்கே முனிவர் குருத்துவ அங்கியைக் களைந்து, கூலியாளின் அரைத்துணியை உடுத்தார். ஐரோப்பியருக்கு வாய்க்காத ஒரு பாதுகாப்பு அவருக்கு இருந்தது. அவருடைய மேனியின் நிறமே அவரை மறைத்தது. 1687இல் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது, பயணத்தின் கொடுமையால் வயிற்றுளைவு நோய் கண்டு வழியோரத்தில் கிடந்தார். ஏழைப் பெண்ணொருத்தி கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவர் உயிரைக் காத்தது என்று அவர் சரிதம் கூறும்.

உடல் தேறியதும் கழுத்திலே செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்கத் தொடங்கினார். செபமாலையைக் கண்டு முகம் மலர்பவர் எவரென்று கவனிப்பது அவர் உபாயம். இவ்வாறு மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை இனங்கண்டு, சில்லாலைக் கிராமத்தை இருப்பிடமாக்கி, இரவிலே பூசை செய்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, விடியுமுன் மறைவிடம் திரும்பினார். பிச்சைக்காரர் வேடம் பூண்டவர் என்று சொல்லுதல் முற்றும் பொருந்தாது. கடைசிவரை அவர் பிச்சையேற்றே உண்டார். வேடம் என்று தொடங்கியது வாழ்வாகவே முடிந்தது.

ஒல்லாந்தர் செய்தியறிந்தனர். நத்தார் இரவில் கூடியிருந்தோர் மேல் படைவீரர் பாய்ந்தனர். முனிவர் தப்பினார், ஆனால் அவருக்கு இடங்கொடுத்த பெரியோர் சிலர் பிடிபட்டுக் கடுந்தண்டனை அடைந்தனர். தம்பொருட்டுப் பிறர் துன்புறுவதைக் காணும் வேதனை எத்தகையது என்பதை, அடைக்கலம் தேடி அலைந்தவர்களே உணர்வர். ஒல்லாந்தர் ஆட்சிக்கு வெளியே, கண்டி மன்னரின் நிழலிலே நின்றாலன்றிப் பணி நிலைக்காது எனத் தெளிந்து, அவர் புத்தளத்துக்கும், அங்கிருந்து 1692இல் கண்டிக்கும் சென்றார்.

கண்டியில் அவரை வரவேற்றது விலங்கு. பவுலின் கச்சையால் தம் கைகால்களைக் கட்டி, அவருக்கு வரவிருக்கும் சிறையை அகபு முன்னுரைத்தார் அல்லவா? இங்கே அந்தக் கட்டு முனிவரையே பிணித்தது. போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று அரசவையில் செல்வாக்குடைய பிரெஞ்சுக் கால்வினியர் ஒருவர் குற்றஞ்சாட்டினார். சிறையிலும் முனிவர் ஓய்ந்திருக்கவில்லை, சிங்களம் பயின்றார், காவல் தளர்ந்ததும் அங்கேயே சிறு கோவிலொன்றை அமைத்தார். நாட்டிலே மழை பொய்த்த காலத்தில், மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர் கேட்டுக்கொண்டதற்கிணங்கத் திறந்தவெளியில் பீடமிட்டு அவர் செபித்தார் என்றும், மழை பொழிந்தது என்றும் கூறுவர். அதன்பின் மன்னர் அவருக்கு நடமாடும் சுதந்திரத்தை அளித்தார்.

அற்புதத்தை நம்பத் தயங்குவோரும் 1697இல் நிகழ்ந்ததை மறுத்தற்கில்லை. கண்டி நகரில் பெரியம்மை பரவியது. மன்னரும் நகரத்தாரும் வெளியேறினர். நோயாளரைச் சுற்றத்தாரே காட்டில் விட்டுச் சென்றனர். முனிவரும், கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த யோசேவ் கர்வாலோ குருவும் அவர்களைத் தேடி எடுத்து, குடிசைகளிலும் வெற்றில்லங்களிலும் கிடத்திப் பணிவிடை செய்தனர், புண்களைக் கழுவினர், இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கம் செய்தனர். இவர் பௌத்தர், இவர் கத்தோலிக்கர் என்று அங்கே வேறுபாடு பார்க்கப்படவில்லை. தீர்க்கதரிசனம் என்பது நாளைய நிகழ்ச்சியைச் சொல்லுதல் மட்டுமன்று. எல்லாரும் ஓடும் திசைக்கு எதிராய் நடந்து செல்லுதலும் அதுவே.

கொச்சி மேற்றிராணியார் அவரை இலங்கைக்குத் தம் பதில் அதிபராக நியமித்தார். அதனினும் உயர்ந்த பதவி முன்வந்தபோது முனிவர் அதனை ஏற்கவில்லை. புதிதாய் வந்த குருமாரைப் பல திசைக்கும் அனுப்பினார். புத்தளம், மாந்தை, வன்னி, யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளில் சிதறிக் கிடந்த விசுவாசிகள் ஒழுங்காகக் குருவானவரைக் காணும் காலம் மீண்டும் வந்தது. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் குரு, சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றி இரு மொழிக்கும் தொண்டு செய்தார். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், ஐம்பத்தொன்பதாம் வயதில், யோசேவ் வாஸ் முனிவர் கண்டியில் உயிர் நீத்தார். கோவாவைவிட்டு வந்த அந்த மனிதர் ஒருநாளும் அங்கே திரும்பவில்லை.

1995இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். அன்று பிற்பகலே மடுத்திருப்பதிக்கும் சென்றார். அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னர், 2008 ஏப்ரலில், போர் நெருங்கியபோது, மடுமாதாவின் திருச்சொரூபம் மீண்டும் ஒருமுறை மக்களைப் போலவே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போயிற்று; பின்னர் திரும்பியது. மாந்தையிலிருந்து காட்டுக்கு நடந்த பழைய நடையை வன்னி மக்கள் மறுபடியும் நடந்தனர்.

முனிவரின் கல்லறை எங்கே என்று இன்று எவராலும் சுட்டிக்காட்ட இயலவில்லை. அதனால் குறையொன்றுமில்லை. ஓரிடத்தில் நெடுநாள் தங்காமையும், உணவன்றி வேறெதுவும் கேளாமையும் மெய்யான தீர்க்கதரிசிக்கு அடையாளமென்று பழைய நூல் சொன்னது. உடைமையெல்லாம் இழந்து ஒரு சொரூபத்தையும் சில செபங்களையும் மட்டும் சுமந்து நடக்கும் மக்களுக்கு, அரண்மனையிலிருந்து ஆறுதல் வருவதில்லை. அவர்களைப் போலவே வெறுங்காலோடு நடந்து வந்த ஒருவரிடமிருந்தே அது வந்தது.