வலிப்பை நிறுத்தினார்... ஞாபகம் போனது! மூளை டாக்டரை உலுக்கிய அந்த ஆபரேஷன் - யார் இந்த வைல்டர் பென்ஃபீல்டு?

வலிப்பு நோய்க்கு மூளையில் ஆபரேஷன் என்றதும் பலருக்கு வரும் முதல் பயம், ஞாபகசக்தி போயிடுமோ என்பதுதான். இன்று அதற்கு ஓரளவு பதிலை ஆபரேஷனுக்கு முன்பே ஸ்கேன் சொல்லிவிடுகிறது. ஸ்கேன் இல்லாத காலத்தில் இதே கேள்வி ஒரு பெரிய டாக்டரைப் பல ஆண்டுகள் துரத்தியது. அவர்தான் வைல்டர் பென்ஃபீல்டு.

அக்காவுக்கே ஆபரேஷன்

1891-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்தவர். பிரின்ஸ்டன், ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு, 1928-ல் கனடாவின் மாண்ட்ரியலுக்குப் போனார். அதே ஆண்டு வலிப்பால் தவித்த தன் அக்கா ரூத்தின் மூளையில் கட்டி இருப்பது தெரிந்தது. ஆபரேஷன் செய்தவர் பென்ஃபீல்டேதான். ஆனாலும் கட்டியை முழுசா எடுக்க முடியவில்லை. சில ஆண்டுகளில் ரூத் இறந்துபோனார். அந்த வலியோடு அவர் உருவாக்கியதுதான், 1934-ல் திறக்கப்பட்ட மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனம்.

விழித்திருக்கும்போதே ஆபரேஷன்!

மூளைக்கு வலி தெரியாது. அதனால் தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே மூளையை லேசான மின்சாரத்தால் தொட்டுப் பார்ப்பார் பென்ஃபீல்டு. கை எங்கே, பேச்சு எங்கே என்று அறிந்து, அந்த இடங்களைத் தவிர்த்து, வலிப்பு கிளம்பும் பகுதியை மட்டும் எடுப்பார். பலருக்கு வலிப்பு நின்றது. ஆனால், ஞாபகசக்தி எங்கே இருக்கிறது என்பது இந்த முறையில் பிடிபடவில்லை.

தூக்கிவாரிப்போட்ட மறதி

மருத்துவ உலகில் 'பி.பி.' என்று மட்டும் அறியப்படும் ஒரு இன்ஜினியருக்கு, 1951-ல் காதுக்கு உட்பக்கம் ஆழத்தில் உள்ள ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இடதுபக்கம் மட்டும் எடுக்கப்பட்டது. புத்திக்கூர்மை குறையவில்லை. ஆனால் புதுசா எதுவும் மனசில் தங்கவில்லை. பின்னர் இன்னொரு நோயாளிக்கும் இதே கதி.

ஒரு பக்கம்தானே எடுத்தோம், மறுபக்கம் இருக்கிறதே, பிறகு ஏன்? பென்ஃபீல்டும் உளவியல் ஆய்வாளர் பிரெண்டா மில்னரும் ஒரு முடிவுக்கு வந்தனர். மறுபக்கம் ஏற்கெனவே, யாருக்கும் தெரியாமல், கெட்டுப்போயிருக்க வேண்டும். ஆனால் நிரூபிக்க வழியில்லை.

1964-ல் பி.பி. இறந்த பிறகு அவரது மூளை ஆராயப்பட்டது. வலதுபக்க ஹிப்போகேம்பஸ் சுருங்கிக் கிடந்தது. அவர்கள் சந்தேகப்பட்டது சரிதான்! இந்த முடிவை 1974-ல் வெளியிட்டபோது பென்ஃபீல்டுக்கு வயது 83. இரண்டே ஆண்டுகளில், 1976-ல் அவர் காலமானார்.

இப்போ ஸ்கேன் என்ன சொல்கிறது?

இடையில் 'வாடா' பரிசோதனை என்ற ஒரு வழி வந்தது. கழுத்து ரத்தக்குழாய் வழியாக மருந்து செலுத்தி, மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடங்கள் தூங்க வைத்து, மறுபாதி நினைவில் வைக்கிறதா என்று பார்ப்பார்கள். பலன் இருந்தாலும் கொஞ்சம் ஆபத்தும் இருந்தது.

1980-களில் எம்.ஆர்.ஐ. வந்ததும் காட்சியே மாறியது. பி.பி. இறந்த பிறகே தெரிந்த சுருக்கத்தை, இன்று ஆபரேஷனுக்கு முன்பே பார்த்துவிடலாம். இன்னொரு வகை எம்.ஆர்.ஐ.-யில், சொற்களையும் படங்களையும் மனப்பாடம் செய்யும்போது மூளையின் எந்தப் பக்கம் அதிகம் உழைக்கிறது என்றும் தெரியும்.

கணக்கு இதுதான். எடுக்கப்போகும் பக்கம் ஏற்கெனவே சுருங்கி, மறுபக்கம் நல்லா இருந்தால் இழப்பு குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். எடுக்கப்போகும் பக்கமே நன்றாக உழைத்துக்கொண்டிருந்தால் ஆபத்து அதிகம். குறிப்பாக, பெரும்பாலானவர்களுக்கு இடதுபக்கம் கைவைத்தால் பெயர்கள், சொற்கள் சார்ந்த ஞாபகம் பாதிக்கலாம்.

ஸ்கேன் மட்டுமே தீர்ப்பு சொல்லிவிடாது. ஞாபகசக்தித் தேர்வு, வயது, வலிப்பு தொடங்கிய காலம் எல்லாம் சேர்த்துத்தான் டாக்டர்கள் முடிவெடுப்பார்கள். ஆனாலும், எவ்வளவு ஞாபகத்தைப் பணயம் வைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு நோயாளி முடிவெடுக்க இன்று வழி இருக்கிறது. பி.பி.க்கு அது கிடைக்கவே இல்லை.