நெருப்புக்குக் காற்றை அளந்து விட்டவர்

விறகடுப்பின் முன் உட்கார்ந்து ஊதுகுழலால் ஊதியவர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். அடுப்பை ஆள்வது விறகு அல்ல, காற்றுதான். எவ்வளவு காய்ந்த விறகாக இருந்தாலும் காற்றுப் போகாவிட்டால் புகை கண்ணைக் கரிக்குமே தவிர, உலை கொதிக்காது. கொஞ்சம் அதிகமாக ஊதிவிட்டாலோ பால் பொங்கி வழிந்துவிடும். கொல்லன் பட்டறையிலும் இதே கதைதான். துருத்தி இழுக்கும் பையன் கண் அயர்ந்தால் உலை சோர்ந்து போகும். அவன் உற்சாகம் மிகுந்து இழுத்துத் தள்ளினால் பழுக்க வேண்டிய இரும்பு பொறி பறந்து வீணாகும். ஆகவே அடுப்பு எங்கே உண்டோ அங்கே அதைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும் என்பது ஆதி காலம் தொட்டு இருந்துவந்த ஏற்பாடு.

அந்த ஆள் இல்லாமலே நெருப்பு தனக்கு வேண்டிய காற்றைத் தானே கூட்டிக் குறைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் இப்படி யோசித்தார். யோசித்ததோடு நில்லாமல் செய்தும் காட்டினார். அவர் பெயர் கார்னீலியஸ் டிரெபல். நீருக்கடியில் படகு ஓட்டியவர் என்றுதான் உலகம் அவரை அதிகமாக நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அவருடைய அடுப்பு அந்தப் படகைவிடப் பெரிய காரியம் என்பது என் அபிப்பிராயம்.

ஹாலந்து தேசத்தில் அல்க்மார் என்ற ஊரில் 1572-ம் ஆண்டில் டிரெபல் பிறந்தார். பெரிய படிப்பு ஒன்றும் கிடையாது. இளவயதிலேயே ஹார்லெம் நகரில் ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் என்ற புகழ் பெற்ற சித்திரச் செதுக்கு வேலைக்காரரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சிடும் வேலை அது. குருவின் வீட்டில் தொழிலோடு ரசவாதப் பித்தும் தொற்றிக்கொண்டது. குருவின் தங்கை சோபியாவை 1595-ல் மணந்துகொண்டு சொந்த ஊருக்குத் திரும்பினார். அங்கே அவர் செதுக்கிய அல்க்மார் நகரப் படம் 1597-ம் ஆண்டைச் சேர்ந்தது.

ஆனால் செப்புத் தகட்டோடு நிற்கிற மனம் அல்ல அது. 1598-ல் தண்ணீர் ஏற்றும் யந்திரம் ஒன்றுக்கும், தானே ஓடும் கடிகாரம் ஒன்றுக்கும் அரசாங்கத்தாரிடம் தனியுரிமை பெற்றார். மிடில்பர்க் நகரில் ஒரு நீரூற்று அமைத்தார். 1602-ல் புகைபோக்கி ஒன்றுக்குத் தனியுரிமை வாங்கினார். புகைபோக்கிக்கு என்ன தனியுரிமை என்று கேட்கத் தோன்றும். அதில்தான் விஷயமே இருக்கிறது. உஷ்ணமான புகை மேலே ஏறும்போது கீழே வெற்றிடம் விடாமல் புதுக் காற்றை இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழுப்பு எவ்வளவோ, நெருப்பின் வேகமும் அவ்வளவு. கண்ணுக்குத் தெரியாத துருத்தி என்று புகைபோக்கியைச் சொல்லலாம். டிரெபலின் கவனம் முப்பது வயதிலேயே அந்தத் துருத்தியின் மேல் விழுந்துவிட்டது.

வேறொரு பாடத்தையும் அவர் அந்த நாட்களிலேயே கற்றுக்கொண்டார். ஒரு கண்ணாடிக் குடுவையைச் சூடாக்கி அதன் வாயைத் தண்ணீரில் அமிழ்த்திப் பிடித்தால் உள்ளே விரிந்த காற்று குமிழ் குமிழாக வெளிவரும். குடுவை ஆறியதும் தண்ணீர் உள்ளே ஏறும். பஞ்ச பூதங்களைப் பற்றி எழுதுவதுபோல் அவர் எழுதிய ஒரு சிறு நூலில் இதை விவரித்திருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதிதானே என்று நாம் சொல்லலாம். ஆனால் உஷ்ணத்தைக் கொண்டு ஒரு பொருளை மேலும் கீழும் அசைக்க முடியும் என்பதை அதிலிருந்து அறிந்துகொண்டவர்கள் அக்காலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

இந்த அறிவை மூலதனமாக வைத்துக்கொண்டு சுமார் 1604-ல் அவர் இங்கிலாந்துக்குக் குடியேறினார். முதலாம் ஜேம்ஸ் அரசர் அங்கே ஆண்டுகொண்டிருந்தார். எல்தம் அரண்மனையில் டிரெபல் வைத்த யந்திரத்தைப் பார்க்கப் பிரபுக்களும் வெளிநாட்டுத் தூதர்களும் வந்தார்கள். தங்கம் போல் மின்னும் ஒரு கோளம், அதைச் சுற்றி ஒரு கண்ணாடி வளையம், வளையத்துக்குள் ஏறி இறங்கும் நீர். மணியையும் தேதியையும் பருவத்தையும் அது காட்டியது. சாவி கொடுக்காமலே ஓடுகிறது, ஓயாமல் ஓடும் யந்திரம் இதுதான் என்று ஊரெல்லாம் பேச்சு. உண்மையில் அது ஓயாத யந்திரம் அல்ல. இரவு பகலில் காற்றின் உஷ்ணமும் அழுத்தமும் மாறுகிறதே, அந்த மாறுதலிலிருந்து அது சக்தி பெற்றது. டிரெபலுக்கு இது தெரியும். அரசருக்குத் தெரிய வேண்டும் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. மாயாஜாலக்காரர் என்று பெயர் எடுத்தால்தான் மானியம் கிடைக்கும் காலம் அது.

புகழ் கடல் கடந்தது. பிராகா நகரில் இருந்த இரண்டாம் ருடால்ப் சக்கரவர்த்திக்கு ரசவாதத்திலும் வினோத யந்திரங்களிலும் அடங்காத மோகம். 1610-ல் அவருடைய அழைப்பின் பேரில் டிரெபல் குடும்பத்தோடு அங்கே போனார். போன வேளை நல்ல வேளை அல்ல. மறு ஆண்டே தம்பி மத்தியாஸ் அண்ணனின் அதிகாரத்தைப் பறித்துக்கொண்டான். 1612-ல் ருடால்ப் இறந்தார். பழைய எஜமானரின் ஆள் என்பதற்காக டிரெபல் சிறையில் அடைபட்டார். விடுதலையாகி அவர் லண்டனுக்குத் திரும்பியபோது, அங்கே அவரை ஆதரித்த இளவரசர் ஹென்றியும் காலமாகியிருந்தார். நாற்பது வயதில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலைமை.

இந்த இரண்டாவது லண்டன் வாசத்தில்தான் அவருடைய பெரிய வேலைகள் நடந்தன. 1620-க்கும் 1624-க்கும் இடையே ஒன்றைவிட ஒன்று பெரிதாக மூன்று நீர்மூழ்கிப் படகுகளைக் கட்டினார். மரச் சட்டத்தின் மேல் எண்ணெய் ஊறிய தோலைப் போர்த்து, துடுப்புத் துவாரங்களில் தோல் உறை வைத்துத் தண்ணீர் புகாமல் அடைத்த படகு. தேம்ஸ் நதியில், ஆயிரக்கணக்கான ஜனங்கள் கரையில் நின்று பார்க்க, அது முழுகியது. சுமார் பன்னிரண்டு, பதினைந்து அடி ஆழத்தில் மணிக்கணக்கில் இருந்தது என்கிறார்கள். அரசரே ஒரு தடவை உள்ளே ஏறிப் போனார் என்ற கதையும் உண்டு. அதை நம்புவது கஷ்டம். உள்ளே இருந்த ஆட்கள் எதைச் சுவாசித்தார்கள் என்பதுதான் சுவாரஸ்யமான கேள்வி. வெடியுப்பைச் சூடாக்கினால் ஒருவிதக் காற்று வெளிவரும் என்று டிரெபல் அறிந்திருந்தார். அதுதான் நாம் ஆக்ஸிஜன் என்று சொல்லும் பிராணவாயு. அதைப் பிரீஸ்ட்லி கண்டறிந்தது 1774-ல். டிரெபல் அதைத்தான் படகில் பயன்படுத்தினாரா என்பது இன்றும் ஊகமே. ஏனென்றால் அவர் ரகசியத்தை எழுதி வைக்கவில்லை.

இப்போது அடுப்புக்கு வருவோம்.

ரசவாதிகளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மட்டமான உலோகத்தை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒரே சீரான உஷ்ணத்தில் வைத்திருந்தால் அது பக்குவப்பட்டுத் தங்கமாகும் என்பது அந்த நம்பிக்கை. கோழி அடைகாப்பது போல என்று உவமை சொல்லுவார்கள். தங்கம் கிடைப்பது இருக்கட்டும், மாதக்கணக்கில் உஷ்ணம் ஏறாமலும் இறங்காமலும் அடுப்பைக் காப்பது யார்? ராத்திரி முழுவதும் விழித்திருந்த எத்தனையோ சிஷ்யப் பிள்ளைகள் ஒரு நொடி கண் மூடியதால் குருவின் சாபத்துக்கு ஆளாகியிருப்பார்கள். டிரெபல் சிஷ்யனை நம்பவில்லை. ஒரு கண்ணாடிக் குழாயை நம்பினார்.

அவருடைய அடுப்பு ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. அடியில் நெருப்பு. நெருப்பின் சூடான புகை உள்பெட்டியைச் சுற்றிக்கொண்டு மேலே போய், உச்சியில் உள்ள ஒரு துவாரம் வழியாக வெளியேறும். உள்பெட்டிக்கு இரட்டைச் சுவர்கள், சுவர்களின் நடுவே தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் ஒரு கண்ணாடிக் குழாய் புதைந்திருக்கும். குழாய் நிறையச் சாராய சத்து, அதன் முனை வளைந்த இடத்தில் பாதரசம். பாதரசத்தின் மேல் ஒரு கம்பி நிற்கும். கம்பி ஒரு நெம்புகோலைத் தொடும், நெம்புகோல் புகைத் துவாரத்தின் மூடியைப் பிடித்திருக்கும்.

நெருப்பு சற்று வேகமாக எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் சூடேறும். சாராயம் விரியும். பாதரசம் மேலே தள்ளப்படும். கம்பி உயர்ந்து நெம்புகோலை அசைக்க, மூடி துவாரத்தின் மேல் இறங்கும். புகை வெளியேற வழியில்லாவிட்டால் கீழே புதுக் காற்று நுழைய முடியாது. காற்றுக் குறைந்த நெருப்பு தணியும். தணிந்ததும் சாராயம் சுருங்கி, பாதரசம் இறங்கி, மூடி மறுபடி திறக்கும். நெருப்பு மூச்சு வாங்கிக்கொண்டு எழும்பும். உஷ்ணம் எவ்வளவு வேண்டும் என்பதை ஒரு திருகைத் திருகி முன்கூட்டியே வைத்துவிடலாம். அப்புறம் கரியைப் போடுவதைத் தவிர மனிதனுக்கு வேலை இல்லை.

இதில் எந்தப் பாகமும் அதிசயமானது அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பாதரசமும் சாராயமும் மருந்துக் கடையில் கிடைப்பவை. நெம்புகோல் கிராமத்து ஏற்றத்தில் உள்ளதுதான். காரியத்தின் விளைவையே திருப்பிவிட்டு அந்தக் காரியத்தை அடக்கும்படி செய்தாரே, அந்த யோசனைதான் புதிது. சூடு தன் கையாலேயே தன் காற்றைக் குறைத்துக்கொள்கிறது! இன்று விமானத்திலும் ஆலைகளிலும் நடக்கும் தானியங்கிக் கட்டுப்பாடுகளின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இந்த அடுப்பைத் தவறாமல் ஆரம்பப் பக்கங்களில் வைக்கிறார்கள்.

தங்கம் கிடைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ரசவாதிகள் உவமைக்குச் சொன்ன காரியத்தையே டிரெபல் நேராகச் செய்துவிட்டார். அந்த அடுப்பில் முட்டைகளை வைத்துக் குளிர்காலத்திலும் குஞ்சு பொரிக்க வைத்தார்.

இத்தனை செய்தவர் பணக்காரராக இருந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. செம்பூச்சிச் சாயத்தோடு வெள்ளீயக் கரைசல் சேர்ந்தால் கண்ணைப் பறிக்கும் சிவப்பு வரும் என்று கண்டவரும் அவரே என்பார்கள். அதை வைத்துச் சாயப் பட்டறை நடத்தியவர்கள் அவருடைய இரண்டு பெண்களை மணந்த கஃப்லர் சகோதரர்கள். லண்டனுக்கு அருகே போ என்ற இடத்தில் பட்டறை இருந்ததால் அந்தச் சிவப்புக்குப் போ சாயம் என்றே பெயர் வந்தது. டிரெபல் பெயர் வரவில்லை. பிரான்ஸில் லா ரோஷல் துறைமுகத்துக்கு ஆங்கிலேயர் அனுப்பிய கப்பற்படைக்கு வெடிகள் செய்து கொடுத்துக் கூடவே போனார். 1628-ல் அந்தப் படையெடுப்பு தோல்வியில் முடிந்தது. அதோடு அரசாங்க உத்தியோகமும் போயிற்று. கடைசி ஆண்டுகளில் லண்டன் பாலத்துக்கு அருகே ஒரு மதுக்கடை நடத்தி வயிறு வளர்த்தார். இரண்டு ராஜசபைகளை வியக்க வைத்த மனிதர் குவளைகளில் பீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1633-ம் ஆண்டு நவம்பரில், 61-ம் வயதில், அங்கேயே காலமானார்.

அவருடைய வறுமைக்கு விதியை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. ரகசியத்தை விற்றுப் பிழைத்தவர் அவர். ஒரு ராஜாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அடுத்த ராஜாவிடம் விற்க ஒன்றும் இருக்காது. ஆகவே அடுப்பைப் பற்றியும் படகைப் பற்றியும் புத்தகம் எழுதவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் அவருக்குப் பின்னால் வந்தவர்கள். மாப்பிள்ளை ஜொஹான்னெஸ் கஃப்லர் அடுப்பைப் பட்டாளத்தாருக்கு விற்கப் பார்த்தார். ஆரஞ்சு இளவரசரின் சேனைக்காகச் செய்த, தூக்கிக்கொண்டு போகக்கூடிய இரும்பு அடுப்பை 1666-ல் ஜான் ஈவ்லின் என்பவர் லண்டனில் பார்த்துத் தம் நாட்குறிப்பில் எழுதினார். அதற்குப் பிறகு நீண்ட மௌனம். 1777-ல் பிரான்ஸில் பொன்மேன் என்பவர், ஈயக் குழாயும் இரும்புக் கம்பியும் சூட்டில் வேறு வேறு அளவில் நீள்வதைக் கொண்டு, அடுப்புக்குப் போகும் காற்றை அடைத்துத் திறக்கும் கருவி செய்தார். அவரும் அதைக் கோழிக்குஞ்சு பொரிக்கவே உபயோகித்தார் என்பது வேடிக்கை. 1885-ல் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து ஆல்பர்ட் பட்ஸ், அறை குளிர்ந்தால் மின்சாரத்தின் உதவியால் நிலவறைக் கணப்பின் காற்றுக் கதவைத் தானே தூக்கிவிடும் யந்திரத்தைக் கண்டுபிடித்தார். குளிர்நாட்டு வீடுகளில் விசிறி வைத்துச் சூடான காற்றை ஊதும் கணப்புகளில், அந்த விசிறியின் வேகத்தையே கூட்டிக் குறைக்கும் கருவிகள் அந்த வழியில் வந்தவைதான்.

டிரெபலின் அடுப்பு எப்படி இருந்தது என்பது நமக்குத் தெரிவதற்குக் காரணம் அவர் அல்ல. கஃப்லர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், டிரெபல் இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அதைக் காகிதத்தில் வரைந்து வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை நூல்நிலையத்தில் பத்திரமாக இருக்கிறது. அடியில் நெருப்பு, நடுவில் முட்டைப் பெட்டி, பக்கத்தில் பாதரசக் குழாய், உச்சியில் பாதி திறந்த அந்த மூடி.