தருக்கத்தைத் தமிழாக்கிய சிவஞான முனிவர்

பொருநை நதி பாயும் நெல்லை நாட்டிலே, பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில், ஆனந்தக்கூத்தர்க்கும் மயிலம்மையார்க்கும் புதல்வராய்த் தோன்றியவர் சிவஞான முனிவர். பெற்றோர் இட்ட பெயர் முக்களாலிங்கர். இளமையிலேயே திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்து துறவு பூண்டு, தமிழும் வடமொழியும் ஐயந்திரிபறக் கற்றார். காஞ்சிப் புராணத்தின் முதற் காண்டம் இவர் பாடியது. இரண்டாங் காண்டத்தை இவர்தம் மாணாக்கர் கச்சியப்ப முனிவர் பாடினார். சிவஞானபோதத்துக்கு இவர் வகுத்த மாபாடியம் இவர் புகழை நிலைநிறுத்திற்று.

இப்புலமைக்கு அடிநிலையாய் நின்றது தருக்கம். அன்னம்பட்டர் வடமொழியில் இயற்றிய தருக்கசங்கிரகத்தை முனிவர் தமிழில் பெயர்த்தருளினார். அந்நூலின்படி, அனுமானம் தன்பொருட்டு, பிறர்பொருட்டு என இருவகைப்படும். மலையிற் புகை கண்டு தீயுண்டெனத் தானே தெளிதல் முன்னையது. அதனையே மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு, உபநயம், நிகமனம் என்னும் ஐந்துறுப்பால் பிறர்க்கு விளக்குதல் பின்னையது.

போலி ஏதுக்களும் ஐந்தாம். அவிநாசிக் கடைத்தெருவில் ஒருவர், இது பருத்தியாலாயது, ஆதலின் கைத்தறித் துணியே என்று கூறின், அருகிலுள்ள பின்னலாடையும் பருத்தியே என்பதை மறந்தவராவர். ஏது பிறழ்ந்து செல்லும் இது சவ்விபசாரம். செய்யப்படுவதாதலின் ஒலி அழியாதது என்பது விருத்தம். ஏது தன் முடிவையே அழிக்கின்றது. நிகரான எதிரேது உடையது சற்பிரதிபக்கம். தாமரையாதலின் வானத்தாமரை மணமுடைத்து என்பது, பொருளே இன்மையின் அசித்தம். பொருளாதலின் தீ குளிர்ந்தது என்பதைத் தொட்ட விரலே மறுக்கும், அது பாதிதம்.

முனிவர் இவ்வறிவை ஏட்டளவில் நிறுத்தினாரல்லர். திருவாரூர் வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்து இலக்கண விளக்கச் சூறாவளி எழுதினார். சித்தியாருக்கு ஞானப்பிரகாசர் கண்ட உரையை மறுத்துச் சிவசமவாதவுரை மறுப்பு இயற்றினார். ஒரே சமயத்தார் ஆயினும், வழுவென்று கண்டதை வழுவென்றே கூறினார். அவர் மறுப்புரைகளிற் கடுமை உண்டு. எனினும், கடுஞ்சொல் காரணத்துக்கு ஈடாகாது என்பதை உணர்ந்து, ஏதுக்களை அடுக்கியே வாதிட்டார். தொல்காப்பியச் சூத்திர விருத்தியில், பாயிரத்தையும் முதற் சூத்திரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாக ஆராய்ந்தது அவர்தம் பொறுமைக்குச் சான்று.

1785-ஆம் ஆண்டு திருவாவடுதுறையில் முனிவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மாணவர்காள்! மேடையிலும் கடையிலும் நம்மை இணங்குவிக்க முயல்வோர் பலர். அவர் குரலின் வலிமையை நோக்காது ஏதுவின் வலிமையை நோக்குதல் நம் கடன். தமிழிலேயே அதற்கு அளவுகோல் வகுத்தளித்த முனிவர்க்கு, அக்கோலை எடுத்து வழங்குவதே நாம் செலுத்தும் நன்றியாகும்.