ரூப்பர்ட் கூல்டு

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து வீடுகளிற் பாட்டனாரது கைக்கடியாரம் நின்றுபோயின், அதனைப் பெட்டியிலிட்டு மறந்துவிடுகின்றோம். நின்ற கடியாரம் மீண்டும் ஓடும் என்பதை ரூப்பர்ட் கூல்டு என்னும் ஆங்கிலேயரின் சரித்திரத்தால் நாம் அறிகின்றோம்.

1890-ம் ஆண்டிற் பிறந்த இவர் கடற்படை அதிகாரியானார். 1914-ல் யுத்தம் மூண்டபோது மனநோயுற்றுக் கப்பற் பணியை இழந்தார். கடலிலே தீர்க்கரேகை காண்பதற்கென ஜான் ஹாரிஸன் பதினெட்டாம் நூற்றாண்டிற் செய்த கடியாரங்கள், கிரீனிச் வானாராய்ச்சி நிலையத்திற் களிம்பேறிக் கிடத்தலை 1920-ல் இவர் கண்டார். அத்தொழிலை முறையாகப் பயிலாதவரேனும், ஊதியம் வேண்டாது தம் கையாலேயே அவற்றைக் கழற்றித் துலக்கினார். மூன்றாங் கடியாரத்திற்கு மட்டும் ஏழாண்டுகள் சென்றன. இடையே இல்வாழ்க்கையும் சிதைந்தது. எனினும் எடுத்த பணியை முடித்தே விட்டார். 1933-ல் முதற் கடியாரமும் ஓடிற்று. 1948-ல் இவர் மறைந்தார். அக்கடியாரங்கள் கிரீனிச்சில் இன்றும் உள.

பழம்பொருளைப் பழுதுபார்க்கப் புகுவார் முதலிற் பெறவேண்டுவது இப்பொறுமையே.